ஃபார்மட்டுக்குப் போக இருந்த ஒரு வீட்டு கம்ப்யூட்டர்: டிவிடில பூட் பண்ணிப் பாத்ததுல தெரிஞ்சது

பின்னணி

2021 பிப்ரவரில நடந்தது இது. டெல்டா பக்கம் ஒரு சின்ன டவுன், ஒரு கூட்டுக் குடும்பம், வீட்டுக்கே ஒரு டெஸ்க்டாப்தான். அதை ரெண்டு பேர் பயன்படுத்துறாங்க. ஒருத்தர் ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார், சுத்துப்பட்டு கிராமங்கள்ல வயசான பாட்டிங்க பாடுற தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு எல்லாம் போயிப் போயிக் கேட்டு எழுதி வருஷக்கணக்கா டைப் பண்ணி வச்சிருக்கறவரு. இன்னொருத்தர் அவரோட மருமக, பக்கத்துல இருக்கற சில சின்ன கடைங்களுக்கு வீட்டுலேந்தே டேலில கணக்கு எழுதி ஜிஎஸ்டி ஃபைல் பண்ணித் தர்றாங்க.

மெஷின் 2012ல அசெம்பிள் பண்ணது. ரெண்டாவது தலைமுறை ஐ3, ஹெச்61 சிப்செட் போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி சாட்டா ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 அறுபத்திநாலு பிட். வாங்கினதுலேந்து பெருசா எதுவும் மாத்தல. ராத்திரி ஆனா இடி மின்னலுக்குப் பயந்து சுவிட்ச்போர்டுலயே ஆஃப் பண்ணிடுறது அவங்க வழக்கம், நம்ம பக்கம் பாதி வீட்டுல அப்படித்தான்.

பொங்கல் முடிஞ்சு எல்லாரும் மகன் வேலை பாக்குற ஊருக்குப் போயிட்டாங்க, மெயினையே இறக்கிட்டு. மூணு வாரம் கழிச்சு வந்து ஆன் பண்ணா விண்டோஸ் வரல.

முதல்ல நடந்தது

விண்டோஸ் லோகோ தெரியும், ஒரு நொடி நீல ஸ்கிரீன் மின்னும், படிக்கறதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆயிடும். அப்புறம் ஸ்டார்ட்அப் ரிப்பேர் தானா ஓடும், கொஞ்ச நேரம் தேடிட்டு இதை தானா சரி பண்ண முடியலன்னு சொல்லி நிக்கும். சேஃப் மோடும் அதே கதிதான்.

ஒரு சர்வீஸ் கடைலேந்து ஆளு வந்து பாத்துட்டு பூட் ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, சி டிரைவை ஃபார்மட் பண்ணி புதுசா ஓஎஸ் போடணும், டி டிரைவ்ல இருக்கறது எல்லாம் பத்திரமா இருக்கும்னு சொல்லிட்டு மறுநாள் வர்றதா போனாரு. டி டிரைவ்ல இருந்தது சினிமா பாட்டும் கொஞ்சம் பழைய போட்டோவும்தான். டேலி டேட்டா சி டிரைவுல அது இன்ஸ்டால் ஆன ஃபோல்டருக்குள்ளயே இருந்துச்சு, வாத்தியாரோட பாட்டு ஃபைல் பூராவும் டெஸ்க்டாப்ல இருந்துச்சு, டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்ளதான் இருக்குன்னு நெறைய பேருக்குத் தெரியாது. மாசாமாசம் ஃபைல் பண்ற கடைங்களுக்கு 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-3பின்னு ரெண்டு ரிட்டர்ன் போகணும், அந்த அவசரத்துல மருமக சரின்னு தலையாட்டிட்டாங்க. வாத்தியாருக்குத்தான் மனசு ஒப்பல, "தம்பி, பண்ணிடலாமான்னு நீங்க ஒரு வார்த்தை வந்து பாத்துட்டு சொல்லுங்க, அதுக்கப்புறம் பண்ணிக்கிட்டும்"னு எனக்குப் போன் பண்ணாரு.

நான் போறதுக்குள்ள வீட்டுல இருந்த ஒரு காலேஜ் படிக்கிற பையன் விண்டோஸ் இல்லாமலே மெஷினை எழுப்புற லினக்ஸ் டிவிடி போட்டுப் பாக்கலாம்னு டவுன்லோட் பண்ணி எழுதியும் வச்சிருந்தான், அது பூட் ஆகலன்னு விட்டுட்டாங்க. யோசனை சரிதான். அந்த டிவிடிய என் லேப்டாப்ல போட்டுப் பாத்தா உள்ள ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல், அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலா சுருட்டி வச்ச நகல், அப்படியே உக்காந்திருந்துச்சு. பாட்டு காப்பி பண்ற மாதிரி இழுத்துப் போட்டிருக்கான். சிடி, டிவிடிலேந்து பூட் ஆகறதுக்கு 1995ல வந்த எல் டொரிட்டோன்னு ஒரு முறை இருக்கு, அதுபடி டிஸ்க்கோட 17ஆவது செக்டார்ல பூட் ரெக்கார்ட் இருக்கணும், ஆன் பண்ணதும் போர்டுல முதல்ல ஓடுற பயாஸ் புரோகிராம் அங்கதான் போயித் தேடும். ஐஎஸ்ஓவை இமேஜா எழுதினாத்தான் அந்த ரெக்கார்ட் அதே இடத்துல போய் உக்காரும். விண்டோஸ் 7லேந்தே ஐஎஸ்ஓ மேல ரைட் கிளிக் பண்ணா பர்ன் டிஸ்க் இமேஜ்னு வரும், வேற சாஃப்ட்வேர் தேவையே இல்ல. எழுதி முடிச்சு டிஸ்க்கைத் திறந்தா நெறைய ஃபோல்டர் தெரியணும், ஒரே ஃபைல் தெரிஞ்சா அது பூட் ஆகாது.

நேர்ல பாத்தது

முதல் வேலையா எஃப்8 அழுத்தி ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்டை நிறுத்தினேன், அப்பத்தான் நீல ஸ்கிரீன் நிக்கும். கோடு 0எக்ஸ்0000007பி. விண்டோஸ் தான் இருக்கற டிஸ்க்கையே அணுக முடியலன்னு சொல்ற கோடு அது. போன்ல போட்டோ எடுத்து வச்சேன்.

இந்தக் கோடைப் பாத்ததும் நெறைய பேரு ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க. எனக்கு அப்படித் தோணல, ஏன்னா ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓடுதே, அந்த ரிப்பேர் ஸ்கிரீனே அதே டிஸ்க்குலேந்துதான் லோட் ஆகுது. டிஸ்க்கைப் படிக்க முடியுது, விண்டோஸுக்கு மட்டும் முடியல. இந்த வித்தியாசம் ஏன்னு அப்ப புரியல, ஆனா ஃபார்மட்டை நிறுத்தி வைக்க அதுவே போதும்னு பட்டுச்சு.

மருமக கிட்ட ஊர்லேந்து வந்த அன்னிக்கு முதல்ல என்ன தெரிஞ்சுதுன்னு கேட்டேன். "கறுப்பா ஒரு ஸ்கிரீன் வந்துச்சுண்ணே, ஏதோ செக்சம் எர்ரர்னு போட்டு எஃப்1 அழுத்துன்னு இருந்துச்சு, அழுத்தினேன், அப்புறம் எப்பவும் போல விண்டோஸ் லோகோ வந்துச்சு"ன்னாங்க. கடைக்காரர் கிட்ட சொன்னீங்களான்னு கேட்டா, அவரு கேக்கலயேண்ணேன்னாங்க. இந்த ஒரு வரிதான் கடைசில முழு கதையையும் அவுத்துச்சு, ஆனா அந்த நேரத்துல குறிச்சு மட்டும் வச்சுக்கிட்டேன்.

எடுத்த முடிவும் அதுக்கான காரணமும்

வரிசையை முதல்லயே முடிவு பண்ணிக்கிட்டோம். டேட்டாவை வெளிய எடுக்கணும், எடுத்தது சரியா இருக்கான்னு வேற மெஷின்ல பாக்கணும், அதுக்கப்புறம்தான் ரிப்பேர். மறுபடி ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட விடறதில்ல, டிஸ்க் தப்பைத் திருத்துற செக்டிஸ்க்கும் கிடையாது, ஏன்னா ரெண்டுமே டிஸ்க்ல எழுதும், டிஸ்க் நிஜமாவே நோயா இருந்தா அந்த எழுத்தே அதைக் கொன்னுடும்.

லைவ் டிவிடியோட அருமை இங்கதான். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே மெஷின் முழுசா எழுந்துக்கும், ரேம்லயே ஓடும், ஆஃப் பண்ணா தடயமே இருக்காது. 2000ல வந்த நாப்பிக்ஸ்தான் இதைப் பரவலாக்குச்சு, இப்ப பெரும்பாலான லினக்ஸ் இப்படி வருது. நான் எடுத்துட்டுப் போனது லினக்ஸ் மின்ட் 20, எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான டெஸ்க்டாப் வகை, 4 ஜிபி ரேமுக்கு அதுதான் தோது. ஐஎஸ்ஓ ரெண்டு ஜிபிக்குப் பக்கத்துல வரும், 700 எம்பி சிடில அடங்காது, 4.7 ஜிபி டிவிடி வேணும். பென்டிரைவ் ஏன் வேண்டாம்னு பையன் கேட்டான். அந்த வீட்டு பென்டிரைவ்ல எல்லாம் ஷார்ட்கட் வைரஸ் இருந்துச்சு, டிவிடில ஒருதரம் எழுதி மூடிட்டா அதுக்கு மேல எதுவும் ஏறாது. அதோட அந்தக் காலத்து பயாஸ்ல பென்டிரைவை ஹார்ட் டிஸ்க் லிஸ்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கும், தேடிப் பிடிக்கறது ஒரு வேலை.

டிவிடில எழுப்பினது

டிவிடிய உள்ள போட்டு ரீஸ்டார்ட் பண்ணா மெஷின் அதைக் கண்டுக்கவே இல்ல, நேரா ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் போச்சு. எஃப்12 அழுத்தினாலும் மெனு வரல. கீபோர்டு முன்பக்க யுஎஸ்பில சொருகியிருந்துச்சு, பின்னாடி போர்டுலயே இருக்கற யுஎஸ்பிக்கு மாத்தினதும் எஃப்12 வேலை செஞ்சுது, மெனுல சிடிராம்னு செலக்ட் பண்ணேன். இந்தக் கீ போர்டுக்கு போர்டு மாறும், சிலதுல எஃப்11, சிலதுல எஃப்8, சிலதுல எஸ்கேப், ஆன் பண்ணதும் கீழ ஒரு வரில போட்டிருப்பான், கண்ண வச்சுப் பாக்கணும்.

மின்ட் மெனுல முதல்ல மெமரி டெஸ்ட் போட்டு ஒரு சுத்து முழுசா ஓட விட்டோம், தப்பு ஒண்ணும் வரல. அப்புறம் ஸ்டார்ட் லினக்ஸ் மின்ட். டிவிடி டிரைவ் கரகரன்னு சுத்திக்கிட்டு நிமிஷக்கணக்கா கறுப்பு ஸ்கிரீன்ல நிக்கும், அவசரப்பட்டு ரீசெட் அழுத்தக் கூடாது. டெஸ்க்டாப் வந்ததும் வாத்தியார் கைய எடுத்துக் கும்பிட்டாரு, அவருக்கு மெஷின் செத்துப் போச்சுன்னே நெனப்பு. டெஸ்க்டாப்ல இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்னு ஒரு ஐகான் இருக்கும், அதை யாரும் தொடக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன், அதைக் கிளிக் பண்ணி நெக்ஸ்ட் நெக்ஸ்ட்டுனு போனா ஃபார்மட்டை நாமளே பண்ணின மாதிரிதான்.

டிஸ்க்ஸ்னு இருக்கற டூலைத் திறந்து ஸ்மார்ட் டேட்டா, அதாவது டிஸ்க் தன் உடம்பைப் பத்தி தானே வச்சுக்கற குறிப்பைப் பாத்தேன். ரீஅலோகேட்டட் செக்டார் கவுன்ட் 0, கரன்ட் பெண்டிங் செக்டார் 0, அதாவது கெட்டு மாத்தின இடமும் இல்ல, கெட்டுப்போச்சோன்னு சந்தேகத்துல நிக்கற இடமும் இல்ல. பெண்டிங்ல நம்பர் இருந்திருந்தா ஃபோல்டர் ஃபோல்டரா காப்பி பண்ற வேலையே கிடையாது, டிடிரெஸ்க்யூ வச்சு முழு டிஸ்க்கையும் வேற டிஸ்க்குக்கு இமேஜா எடுத்துட்டு அந்த இமேஜ்லதான் கை வைக்கணும். இங்க அது தேவைப்படல.

டிரைவை மவுஸால கிளிக் பண்ணித் திறக்கல, அப்படித் திறந்தா எழுதற மோட்ல மவுண்ட் ஆகும். டெர்மினல்ல, படிக்க மட்டும் முடியற மாதிரி, ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணேன். முதல் பார்ட்டிஷன் 100 எம்பி, அது விண்டோஸ் 7 தனக்குன்னு வச்சுக்கறது, ரெண்டாவதுதான் சி டிரைவ். உள்ள எல்லாமே அப்படியே இருந்துச்சு.

பாட்டு ஃபைல் திறந்தப்போ ஒரு பதட்டம்

டெஸ்க்டாப் ஃபோல்டர்லேந்து ஒரு தாலாட்டு ஃபைலை லிப்ரே ஆஃபீஸ்ல திறந்தா பூரா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் ஸ்லாஷும் கலந்து கெடக்கு. வாத்தியார் முகம் வெளிறிப் போச்சு, "ஐயோ தம்பி, எல்லாம் குழம்பிப் போச்சா, இதைப் பாடின கெழவி இப்ப உசிரோட இல்லையே"ன்னாரு. ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல. அவரு டைப் பண்ணது பாமினி ஃபான்ட்ல. பாமினி, எல்லா மெஷின்லயும் தமிழாவே தெரியுற யூனிகோட் இல்ல, அதுல த எழுத்துக்கு பின்னாடி இங்கிலீஷ் ஜேதான் சேவ் ஆகும், ஃபான்ட் இருந்தா தமிழா காட்டும், இல்லன்னா குப்பையா காட்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்லேந்து பாமினி ஃபைலை எடுத்து லைவ் செஷன்ல ஹோம் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர் போட்டு வச்சு மறுபடி திறந்தேன், ஆராரோ ஆரிரரோன்னு வரி வரியா வந்துச்சு. அவரு கண்ணாடிய கழட்டித் தொடைச்சுட்டு உக்காந்தாரு.

இதை விவரமா சொல்லக் காரணம் இருக்கு. சி டிரைவை ஃபார்மட் பண்ணா ஃபைலை மட்டுமில்ல ஃபான்ட்டையும் சேத்துத்தான் இழப்போம், பேக்கப் எடுக்கறவங்க ஃபான்ட்டை எடுக்கறதே இல்ல. பாமினி இன்னிக்கும் சுலபமா கெடைக்கும், ஆனா பழைய டிடிபி கடைங்க ஆளுக்கொரு ஃபான்ட் வச்சிருந்தாங்க, அதுல டைப் பண்ணி வச்சிருக்கறவங்க ஃபான்ட் ஃபைலையும் சேத்து வைக்கலன்னா அந்த எழுத்தைத் திரும்பப் படிக்கறது ரொம்பக் கஷ்டம்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டேலி டேட்டா ஃபோல்டர் முழுசும், ஃபான்ட்ஸ், போட்டோ எல்லாம் காப்பி பண்ணோம். போர்டுல யுஎஸ்பி 2தான், பொறுமையா போச்சு. ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த சைஸும் ஒப்பிட்டுப் பாத்தோம். டேலி டேட்டாவை மட்டும் நம்பி விடல, மருமகளுக்குத் தெரிஞ்ச இன்னொரு கணக்கர் வீட்டு மெஷின்ல கம்பெனியைத் திறந்து கடைசி என்ட்ரி வரைக்கும் இருக்கான்னு பாத்துட்டு வந்தாங்க. அதுவரைக்கும் மெஷின்ல வேற எதையும் தொடல.

கோளாறு எங்கன்னு புரிஞ்சது

காப்பி ஓடிக்கிட்டு இருக்கறப்போ டெர்மினல்ல போர்டோட கடிகாரம் என்ன சொல்லுதுன்னு பாத்தேன். 2011 ஜனவரி 1ன்னு இருந்துச்சு. லைவ் டிஸ்க்ல அஞ்சரை மணி நேரம் முன்ன பின்ன காட்டறது வழக்கம்தான், விண்டோஸ் கடிகாரத்தை உள்ளூர் நேரமா வைக்கும், லினக்ஸ் அதை உலகப் பொது நேரமான யூடிசின்னு எடுத்துக்கும். பத்து வருஷம் பின்னால போறதுக்கு அது காரணமா இருக்க முடியாது.

அப்பத்தான் மருமக சொன்ன அந்த கறுப்பு ஸ்கிரீன் ஞாபகம் வந்துச்சு. செக்சம் எர்ரர்னா பயாஸ் செட்டிங் அழிஞ்சு போச்சு, கம்பெனி டீஃபால்ட்டுக்குத் திரும்பிட்டேன்னு போர்டு சொல்லுது. டெர்மினல்ல போர்டு பாகங்களைப் பட்டியல் போடுற எல்எஸ்பிசிஐ கமாண்ட் போட்டு, டிஸ்க்கோட பேசற சாட்டா கன்ட்ரோலர் எந்த மோட்ல இருக்குன்னு பாத்தா ஐடிஇங்கற பழைய மோட்னு வந்துச்சு, அதுக்கு ஓடுற டிரைவர் புரோகிராம் ஏடிஏ-பிக்ஸ்.

அந்தக் காலத்து போர்டுல நெறையதுல டீஃபால்ட் ஐடிஇதான். 2012ல அசெம்பிள் பண்ணவரு அதை, அதைவிடப் புது மோடான ஏஹெச்சிஐக்கு மாத்தி விண்டோஸ் போட்டிருக்கணும். விண்டோஸ் 7 இன்ஸ்டால் ஆகும்போது எந்த மோட் இருக்கோ அந்த டிரைவரை மட்டும் ஸ்டார்ட்அப்ல வச்சுக்கிட்டு மத்ததை நிறுத்திடும். அதனால பயாஸ்ல மோட் மாறினா விண்டோஸுக்கு டிஸ்க்கே தெரியாது, 7பி கோடு வரும், சேஃப் மோட்லயும் வரும். ஸ்டார்ட்அப் ரிப்பேர்ல ரெண்டு டிரைவரும் இருக்கும், அதனால அது மட்டும் ஓடுச்சு. லினக்ஸும் ரெண்டையும் கையில வச்சிருக்கும், அதனால எந்தக் குறையும் இல்லாம டிஸ்க்கைக் காட்டுச்சு.

பயாஸ் செட்டிங் ஏன் அழிஞ்சுது? போர்டுல இருக்கற சிஆர்2032 காசு பேட்டரி. பிளக்ல கரன்ட் இருக்கறவரைக்கும் கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை குடுக்குற ஸ்டாண்ட்பை கரன்ட்ல கடிகாரம் ஓடும், சுவிட்ச்போர்டுல அணைச்சா முழு பாரமும் பேட்டரி மேல விழும். ராத்திரி ராத்திரி அணைச்சே வருஷக்கணக்கா ஓடின பேட்டரி, மெயினை இறக்கி வச்ச அந்த மூணு வாரத்துல முடிஞ்சு போச்சு. 3 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி மல்டிமீட்டர்ல 2 வோல்ட் கூட காட்டல.

செஞ்சதும் நடந்ததும்

பவர் கேபிளைக் கழட்டிட்டு பேட்டரி மாத்தினோம். டவுன்ல வாட்ச் ரிப்பேர் கடைல கெடைக்கும், விலை ஒரு டிபன் செலவுதான். பயாஸ்ல தேதி நேரம் சரி பண்ணி, சாட்டா மோடை ஏஹெச்சிஐக்கு மாத்தி, எஃப்10 அழுத்தி சேவ் பண்ணேன். ஏஹெச்சிஐதான் முன்னாடி இருந்துச்சுன்னு நேரடி ஆதாரம் என்கிட்ட இல்ல, ஆனா இந்த மாத்தம் டிஸ்க்ல ஒரு எழுத்தும் எழுதாது, தப்பா இருந்தா திரும்ப ஐடிஇ வச்சுக்கலாம், டேட்டாவும் வெளிய வந்தாச்சு. அந்த தைரியத்துலதான் செஞ்சேன்.

விண்டோஸ் வந்துடுச்சு. போன தடவ சரியா ஷட்டவுன் ஆகலன்னு ஒரு தடவ கேட்டுச்சு, ஸ்டார்ட் நார்மலி குடுத்ததும் பழைய வால்பேப்பரோட அப்படியே எழுந்துச்சு. நெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தேதியை மறுபடி பாத்துக்கிட்டோம், தேதி தப்பா இருந்தா ஜிஎஸ்டி சைட் சர்டிஃபிகேட் எர்ரர்னு உள்ளயே விடாது. ரெண்டு ரிட்டர்னும் தேதிக்குள்ள போயிடுச்சு.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது, மறுநாள் வந்து ஃபார்மட் பண்ணிருந்தாலும் மெஷின் ஓடிருக்கும். ஐடிஇ மோட்லயே புது விண்டோஸ் ஏறிருக்கும், நல்லா வேலை செஞ்சிருக்கும், பூட் ஃபைல் கரப்ட்னு சொன்னது சரின்னே எல்லாரும் நம்பிருப்பாங்க. பாட்டும் கணக்கும் போனது விதின்னு ஆயிருக்கும். கதவு திறக்கலன்னு வீட்டையே இடிச்சுக் கட்டிட்டு, பாத்தியா இப்ப கதவு நல்லா திறக்குதுன்னு சொல்ற மாதிரி. வந்தவரு கெட்ட எண்ணத்துல சொல்லல, ஃபார்மட் பண்ணா எப்பவும் சரியாகுது, அதனால காரணம் தேடவே தேவை வரல.

அதுக்கப்புறம் மாத்தினது

அந்த மின்ட் டிவிடி இப்ப அவங்க வீட்டுலயே கவர் போட்டு இருக்கு, மேல எஃப்12, பின்பக்க யுஎஸ்பின்னு மார்க்கர்ல எழுதியிருக்கு. மெஷின் நல்லா இருக்கும்போதே ஒரு தடவ பூட் பண்ணிப் பாத்து வச்சுக்கறதுதான் சரி. ஏன்னா வீட்டுல ஒரே கம்ப்யூட்டர்னா அது படுத்த அன்னிக்கு டிவிடி எழுதறதுக்கே வேற மெஷின் தேடணும். பயாஸ்ல ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சாச்சு, சாட்டா மோட் என்னன்னு கேபினட் உள்பக்கம் ஒட்டியும் இருக்கு. எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு வாரம் ஒருதரம் மருமக காப்பி எடுக்குறாங்க, முடிஞ்சதும் கழட்டி பீரோல வச்சிடுறாங்க. வாத்தியார் பாமினி ஃபைல் எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்தி ஒவ்வொண்ணா சரிபாக்க ஆரம்பிச்சிருக்காரு, கன்வெர்ட்டர்ல போட்டா சில எழுத்து தடுமாறும், அதனால அவரே உக்காந்து பாக்குறாரு. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட மைக்ரோசாஃப்ட் அப்டேட் குடுக்கறதை நிறுத்திடுச்சுன்னு சொன்னேன், டேலி வேலைக்கு புது மெஷின் வாங்கறதா முடிவு பண்ணாங்க.

புது மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு இதே வழி கொஞ்சம் மாறும். டிவிடி டிரைவே இருக்காது, அதே ஐஎஸ்ஓவை பென்டிரைவ்ல எழுதிக்கணும். டிரைவைப் பூட்டி வைக்கற விண்டோஸ் பிட்லாக்கர் ஆன்ல இருந்தா 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாம லைவ் டிஸ்க்ல ஃபைல் திறக்காது, அந்தக் கீயை இன்னிக்கே தேடி எழுதி வச்சுக்கங்க. விண்டோஸ் 8லேந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கறதால ஷட்டவுன் பண்ணாலும் டிரைவ் பாதி தூக்கத்துலதான் இருக்கும், அதை ரீட் ஒன்லியாத்தான் திறக்கணும். அப்புறம் சில லேப்டாப்ல சாட்டா மோட் ரெய்டுன்னோ இன்டெல் விஎம்டின்னோ வச்சே கம்பெனிலேந்து வரும், அப்ப லைவ் லினக்ஸ்ல எஸ்எஸ்டியே தெரியாம போகலாம். உடனே எஸ்எஸ்டி போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, அங்க விண்டோஸுக்குத் தெரியுற டிஸ்க் லினக்ஸுக்குத் தெரியல, இந்த வீட்டுல நடந்ததுக்கு நேர் எதிர். பயாஸ்ல அந்த மோட் என்னன்னு மட்டும் பாத்து எழுதி வச்சுக்கிட்டு, விண்டோஸ் ஓடுற நெலமைல இருந்தா மாத்தாம விட்டுடுங்க. மாத்தினா இதே 7பி உங்க வீட்டுக்கும் வரும்.